ஃபேன் இல்லாத பெட்டி

அந்தப் பெட்டிக்குள் ஃபேனே கிடையாது. அப்புறம் மூச்சு விடுவது எது?

சமையற்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அபிகாயில் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். மாடம்பாக்கத்து நவம்பர் மழை ஜன்னல் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டு மோட்டார் இரைந்துகொண்டிருந்தது, இத்தனைக்கும் அடியில், ஹாலிலிருந்து, சளி கட்டிய நெஞ்சு இழுத்து இழுத்து விடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. அவள் எட்டிப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

அவள் புருஷன் மெர்வின் அந்தப் பெட்டியைக் கட்டியதே சத்தம் கூடாது என்றுதான். டிவிக்குக் கீழே வைத்துப் படம் பார்க்க, பெரிய எழுத்து பைபிள் அளவில் ஒரு கம்ப்யூட்டர். இரண்டு வாரம் சாப்பாட்டு மேஜையை விட்டுத்தரவில்லை மனுஷன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு, அதன்மேல் சீப்புப் பல் மாதிரி அலுமினியப் பட்டைகள், டப்பி டப்பியாகத் திருகாணி. "சூட்டை இந்த அலுமினியமே இழுத்துக்கும் அபி. ஃபேன் இல்ல, சுத்துற டிஸ்க் இல்ல. படத்துல ஒருத்தன் பெருமூச்சு விட்டாக்கூட துல்லியமா கேக்கும் பாரு!" என்று அத்தனை சந்தோஷம்.

பெட்டி உட்கார்ந்த இடத்தில்தான் அவன் அம்மா ஞானசௌந்தரியின் கட்டில் கிடந்தது. ஜூலையில் ஒரு மத்தியானம், மெர்வின் ஆபீஸில் இருந்தபோது, அத்தை போய்ச் சேர்ந்தார். "தூங்கிட்டேங்க, கூப்பிட்டது கேக்கல" என்று அபிகாயில் அழுதாள்.

கேட்டது. "அபிம்மா, தண்ணி." ஏழு தடவை. ஒன்பது மாதம் பீ மூத்திரம் அள்ளிய அலுப்பு. ஒரு தடவை காத்திருக்கட்டுமே என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதை அவள் சொன்னது ஆண்டவரிடம் மட்டும். தினமும் ஆறு மணிக்கு, மெர்வினின் ரயில் தாம்பரம் வந்து சேருமுன், கதவைச் சாத்திவிட்டு டிவிக்கு முன்னால் பாயில் முட்டி போடுவாள். வாய்விட்டுத்தான் ஜெபிப்பாள். மனசுக்குள் முனகுவதெல்லாம் ஜெபமா என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவள். ஆமென் சொன்னதும் உச்சந்தலையில் மெல்ல ஒரு கை வைத்தது போல இருக்கும். கர்த்தர் மன்னித்தார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உலை வைப்பாள். அந்தக் கை மட்டும் இல்லாவிட்டால் மெர்வின் முகத்தை ஏறிட்டுப் பார்த்திருக்கவே முடியாது.

ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. பெட்டி தானாக விழித்துக்கொண்டது. மழைச் செய்தி பார்க்கலாம் என்று டிவியைப் போட்டாள். வழக்கமாக வரும் படங்களின் வரிசை வரவில்லை. வெறும் ஃபோல்டர்கள். சினிமா. பாட்டு. அபி.

பாசமாக ஏதோ சேர்த்து வைத்திருக்கிறான் என்றுதான் திறந்தாள், பைத்தியக்காரி. தேதி தேதியாக நாற்பது பதிவுகள். எல்லாம் மாலை ஆறு மணி. ஒன்றை அழுத்தினாள்.

"ஆண்டவரே, அத்தை கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நான்தான் எந்திரிக்கல..."

அவளுடைய குரல். அவளுடைய விசும்பல். ரிமோட் கைநழுவி விழுந்தது. பெட்டியின் முகப்பில், இத்தனை நாள் கண்ணில் படாத ஒரு ஊசித்துளை.

போனை எடுத்தாள். மறுமுனையில் ரயில் ஸ்டேஷன் அறிவிப்புகள்.

"பெட்டிக்குள்ள மைக் வச்சிருக்கீங்களா?"

"அம்மா பக்கத்துல டம்ளர் காஞ்சு கிடந்துச்சு அபி. உன்னை நம்பத்தான் பாத்தேன். முடியல."

"நாப்பது நாளா என் கையால வாங்கிச் சாப்ட்டீங்களே! சிரிச்சுப் பேசினீங்களே! மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நான் உங்ககிட்டயா பேசினேன்? ஆண்டவர்கிட்ட பேசினேன்!"

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு பச்சைத் துரோகம்.

"அது கிடக்கட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லு." அவன் அவசரமாகக் கேட்டான். "ஜெபத்துல உன்கூட யாரு?"

"யாரும் இல்ல."

"நீ ஆமென் சொன்னப்புறம் இன்னொரு ஆமென் கேக்குது. எல்லாத்துலயும். எனக்குத் தெரிஞ்ச குரல் அபி. நீ வெளிய வந்துடு, கதவைத் திறந்துட்டு முதல்ல வெளிய..."

ரயில் இரைச்சல். இணைப்பு அறுந்தது.

டிவியில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய ஆமென், தூரத்தில். ஒரு நிமிஷம் மழை. பிறகு சளி கட்டிய மூச்சு. பிறகு, மைக்குக்கு வெகு பக்கத்தில், அவளுக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்து:

"ஆமென்."

மணி ஆறு. திரையில் புதிதாக ஒரு வரி முளைத்தது. இன்றைய தேதி. நொடிகள் ஓடத் தொடங்கின.

அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. கதவு நாலே எட்டில் இருந்தது. கால் வரவில்லை.

பாயைப் பார்த்தாள். அவள் முட்டி போட்டுத் தேய்ந்த இரண்டு பள்ளங்கள். அவற்றுக்கு எதிரே, இன்னும் இரண்டு. மெல்ல அழுந்திக்கொண்டிருந்தன.

அத்தையின் நெஞ்சில் தினமும் தேய்த்த நீலகிரித் தைல வாசனை.

முட்டி தானாக மடங்கியது. உச்சந்தலையில் அந்தக் கை. அதே கை. நாற்பது நாளும் அவள் நன்றி சொல்லி அழுத கை.

ஐயோ, கர்த்தர் இல்லை. ஒருநாள்கூடக் கர்த்தர் இல்லை.

கை இன்று தலையோடு நிற்கவில்லை. நெற்றிக்கு இறங்கியது. கன்னத்துக்கு. வறண்ட விரல்கள் உதட்டைப் பிரித்தன. ஒவ்வொன்றாக, நாக்கின் மேல் ஏறி, உள்ளே, ஈரத்தைத் தேடின.

"அபிம்மா," என்றது, காதோரம். "தண்ணி."

திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.