வளைவில்லாத இடத்தில் ஒரு ஹாரன்

பனிமூட்டத்துக்குள் யாராவது ஒரு கிளாஸ் சூடான டீயை நீட்டினால், மலைத்தோட்டத்தில் வேலை செய்கிற எந்தக் கையும் யோசிப்பதில்லை. வாங்கிக்கொள்ளும். சந்திரவல்லியின் கையும் வாங்கிக்கொண்டது... அதுதான் வினை.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, காலையில் காலியாகப் போடிக்குத் திரும்புகிற ஜீப்பு அது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் கைகாட்டி ஏறியிருந்தாள். டிரைவர் புது ஆள். போடிமெட்டில் வண்டியை நிறுத்தியவர் இரண்டு டீயோடு வந்து நின்றார்.

"குடிங்க. இனி எறக்கம்... வெறும் வயித்தோட போனா பெரட்டும்."

நிமிர்ந்து பார்த்தாள். நரைத்த மீசை. தூக்கம் கெட்டுச் சிவந்த கண்கள்... ஆனாலும் சிரிக்கிற கண்கள். புருஷனைப் பறிகொடுத்து, ஒற்றை மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் ஒண்டியாய் இருக்கும் தன்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்துப் பல காலம் ஆகியிருந்தது. பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கப் போகிறோம் என்பது அந்த நொடியில் மறந்தே போயிற்று.

லேப்பில் கேட்டதற்கு டீ குடித்ததை மறைக்காமல் சொன்னாள். நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கிய லீவு பாழ். ஏற்கெனவே உடம்பு ஓய்ந்து கிடக்கிறது, இதில் இன்னொரு அலைச்சல் வேறா? நேராக ஜீப்பு ஸ்டாண்டுக்கு வந்து அவரைப் பிடித்தாள்.

"ஏங்க டிரைவரே, நான் உங்கட்ட டீ கேட்டேனா?"

விஷயம் விளங்கியதும் அவர் தலையைச் சொறிந்தார். "தப்புத்தான். நாளைக்கும் நானே கூட்டியாறேன். நானும் பல்லுல பச்சத்தண்ணி படாம வர்றேன்... சரிக்குச் சரி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் மெட்டில் நிற்காமலே வண்டியை இறக்கினார். பெயர் சுருளிவேல், சொந்த ஊர் சிலமலை, மனைவி போய்ச்சேர்ந்து பல வருஷம், பிள்ளை இல்லை என்பதெல்லாம் அந்த வளைவுகளில் கேட்காமலே அவள் காதுக்கு வந்தது. லேப்பு வாசலில் பட்டினியாகவே காத்திருந்தார். கிறுக்குப் பிடித்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். ஏனோ அந்தக் கிறுக்கு அவளுக்குப் பிடித்திருந்தது.

மத்தியானம் ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா கெட்ட கொழுப்பு ரொம்ப ஏறியிருக்கிறது என்றார். எண்ணெய்ப் பலகாரத்தையே தொடாத தனக்கா என்று சந்திரவல்லிக்கு நம்ப முடியவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மாதவிலக்கு இருந்தவரை உடம்பில் ஊறிய ஒரு சுரப்பு ரத்தக்குழாய்களுக்குக் காவலாக இருந்தது. அது நிற்கப் போகும்போதே காவலும் குறைய ஆரம்பிக்கும், கொழுப்பு ஏறும், குழாய்ச் சுவரில் படியும். பெண்களுக்கு நெஞ்சுவலி பளிச்சென்று தெரியாமல் வெறும் களைப்பாகவும் மூச்சிரைப்பாகவும்கூட வரும். அவள் அம்மாவும் அறுபதைத் தொடாமலே மாரடைப்பில் போனவள் என்று கேட்டபிறகு சாயங்காலத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். தினமும் நடக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், மாத்திரையை மட்டும் விடவே கூடாது.

மலையேறும்போது மழை பிடித்துக்கொண்டது. என்ன சொன்னார்கள் என்று சுருளிவேல் கேட்டார். பொம்பளைச் சமாச்சாரம் என்று வாயை மூடிக்கொண்டாள். அவரும் தோண்டவில்லை. அப்படித் தோண்டாமல் விட்டதாலோ, அலுப்பு மிஞ்சியதாலோ, வைப்பர் துடைக்கிற கண்ணாடியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் தானே சொல்லித் தீர்த்தாள். விலக்கு நின்றது, தூக்கம் போனது, கூடையைத் தூக்கினாலே மூச்சு வாங்குவது... மகளிடம்கூடச் சொல்லாதது.

"மாத்திரைய ஒழுங்காப் போடுவீங்கல்ல?"

"போட்டேனா இல்லையான்னு கேக்க யாரு இருக்கா? வேல செஞ்சு வந்து விழுந்தா விடிஞ்சிருது. விடுங்க."

வண்டி ஒரு வளைவு திரும்பியது. அவர் ரோட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்.

"நான் கேக்குறேன். தெனமும் கேக்குறேன்... உங்களை எனக்குப் புடிச்சிருக்கு."

நெஞ்சு படபடத்தது. கொழுப்பால் அல்ல என்று அவளுக்கே தெரியும். ஆனால் வைராக்கியம் முந்திக்கொண்டது. சீக்குக்காரி என்றதும் இரக்கம் சுரக்கிறதோ?

"பாவம் பாத்து ஆரும் என்னைக் கேக்க வேணாம். நாளைக்கு நான் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தா உங்களுக்கு ஆஸ்பத்திரி சோலிதான் மிச்சம். நிறுத்துங்க, எறங்கிக்கிறேன்."

"லயத்துக்கு இன்னும் தூரம் கெடக்கே."

"டாக்டரம்மா நடக்கத்தான் சொல்லியிருக்கு."

கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தாள். ஜீப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி அவள் பின்னாலேயே லயம்வரைக்கும் ஊர்ந்து வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விசும்பலை மழை மறைத்துக்கொண்டது.

அதன்பிறகு அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பு கீழே போகிற சாயங்காலத்தில், லயத்தைத் தாண்டும்போது மட்டும் ஒரு ஹாரன். டிரைவர் வளைவுக்கு அடிக்கிறார் என்று பக்கத்து வீட்டு அன்னக்கொடி நினைத்துக்கொண்டாள். லயத்துப் பக்கம் ரோடு நேர்கோடாய்ப் போகிறது, அங்கே வளைவே கிடையாது. சந்திரவல்லிக்கு அது தெரியும். சத்தம் கேட்டதும் எழுந்துபோய் மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். வைராக்கியத்துக்கு மருந்து சாப்பிடக்கூடாதென்று ஒன்றும் இல்லையே.

ஒருநாள் ஹாரன் கேட்கவில்லை. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். இருட்டிவிட்டது. சாலையில் மண் சரிந்திருக்குமோ... வண்டி உருண்டிருக்குமோ... தன் நெஞ்சைப் பற்றிய பயம் போய், இன்னொரு நெஞ்சுக்காகப் பதறிக்கொண்டிருந்தாள். டயர் வெடித்ததால் ஆட்களை வேறு வண்டியில் வேறு வழியாக அனுப்பிய கதை காலையில்தான் தெரிந்தது. ஜீப்பிலிருந்து முழுசாக இறங்கிய அவரைத் தூரத்தில் பார்த்ததும் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறு பரிசோதனை நாள் வந்தது. வெறும் வயிற்றோடு அவர் ஜீப்பிலேயே ஏறினாள். மெட்டில் வண்டி நிற்கவில்லை. கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கிறது, மாத்திரை தொடரட்டும் என்றார் டாக்டரம்மா.

திரும்பும் வழியில் மெட்டில் நிறுத்தச் சொன்னாள். தானே இறங்கிப்போய்ச் சர்க்கரை இல்லாமல் இரண்டு டீ வாங்கிவந்து, ஒன்றை அவரிடம் நீட்டினாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஜீப்புல வர்ற எல்லாப் பொம்பளைகளும் உங்கள அண்ணேங்கிறாங்க. எனக்கு மட்டும் அந்த வார்த்த வாயில வரமாட்டேங்குது. ஏன்னு தெரியுதா?"

அவர் டீயைக் குடிக்க மறந்து அவளையே பார்த்தார்.

"எனக்கும் உங்களைப் புடிச்சிருக்கு," என்றாள். "களைப்பாத்தான் இருக்கு... இருந்தாலும் புடிச்சிருக்கு."

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கேட்டார். "அப்ப... சாயங்காலம் ஹாரன் அடிக்கவா, வேணாமா?"

"வேணாம். வீட்டுக்குள்ள வந்து கேளுங்க."