உப்பே போடாத சாலட்

எங்கள் அம்மா பேருந்து ஓட்டுகிறார். சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து போகவில்லை, ஓட்டுகிறார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்குக் கதையே நகராது.

போன வாரம் அம்மாவுக்குப் புது வண்டி கொடுத்தார்கள். நடுவில் மடிந்து வளைகிற நீளமான வண்டி. அதை ஓட்ட டிப்போவில் எல்லாருக்கும் வராது. பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. வாட்ச்மேனிடம் இரண்டு தடவை சொன்னேன். என்னை எல்லாரும் வாயாடி என்று கூப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தச் சந்தோஷத்துக்காக, சனிக்கிழமை சாயங்காலம் டிப்போ ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். சமையல் அப்பாவுடையது.

அப்பா குழாய் ரிப்பேர் செய்கிறவர். அம்மாவுக்கு விடிகாலை வேலை வந்த பிறகுதான் சமையல் கற்றுக்கொண்டார். முட்டை அவிப்பதில் ஆரம்பித்துச் சூப் வரைக்கும் வந்துவிட்டார். சமைக்கும்போது பாட்டெல்லாம் பாடுவார். பாட்டைவிடச் சூப் நன்றாக இருக்கும்.

விருந்துக்கு ஹாம் செய்வதாக முடிவு செய்தார். ஹாம் என்றால் பன்றியின் பின்தொடை இறைச்சி. கறிக்கடைக்காரர் தலையணை அளவுக்கு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். அப்பா அதன்மேல் உப்பும் மிளகும் தேய்த்து, மணிக்கணக்காக ஓவனில் வேகவிட்டார். மாடிப்படி வரைக்கும் வாசனை தூக்கியது.

அதை மேசையில் கொண்டுவந்து வைத்தபோது அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏதோ அவரே ஒரு புது வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது போல இருந்தது.

எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் எடுத்துப் போட்டார்கள். அப்புறம் எல்லாருடைய கையும் ஒன்றாகத் தண்ணீர்க் கூஜாவுக்குப் போயிற்று.

அம்மா மெதுவாகக் கேட்டார். "என்னங்க, இதுக்கு மேல உப்பு தடவினீங்களா?"

"ஆமா. கறின்னா உப்பு வேணாமா?"

"ஹாமை உப்புல ஊறவெச்சுத்தாங்க கடையிலயே குடுப்பாங்க."

அப்பா கூஜாவை நிரப்பிக்கொண்டு வருவதற்கு எழுந்து போனார்.

வந்தவர்களில் விசில் மாமா என்று ஒருவர். டிப்போவில் விசில் ஊதி வண்டிகளை நேரத்துக்கு வெளியே அனுப்புகிறவர். அம்மாவைத் தங்கச்சி என்பார். அதனால் அப்பா அவருக்கு மாப்பிள்ளை. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் வாய் சும்மா இருக்காது.

"மாப்ள, ஹாம் பிரமாதம்," என்றார் அவர். "ஆனா நாங்க சாப்பிடறோமா, கடல்ல முங்கி எழுந்திருக்கோமான்னுதான் தெரியல."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் விருந்தாளிகள் போனதும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. முக்கால்வாசி ஹாம் அப்படியே மிச்சம் இருந்தது.

"நமக்குக் குழாய்தான் லாயக்கு," என்று அம்மாவிடம் சொன்னார். "இனிமே அடுப்புப் பக்கமே போகல நான்."

மறுநாள் டிப்போவில் ஓய்வறைக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை. ஊழியர்கள் குடும்பத்தோடு வர வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. அம்மா விடிகாலையிலேயே வண்டிக்குப் போய்விட்டார். வேலை முடிந்ததும் நேராக அங்கே வந்துவிடுவார்.

"நாம என்னப்பா கொண்டுபோறோம்?" என்று கேட்டேன்.

"போற வழியில பிஸ்கட் வாங்கிக்கலாம். அந்த ஹாமைக் குப்பையில போட்டுடு கண்ணு." பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலோ குழாய் உடைந்துவிட்டது என்று, பையை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். பாட்டு எதுவும் பாடவில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. புது வண்டியைப் பின்னால் எடுக்கப் பழகும்போது அம்மாவும்தான் டிப்போ கேட்டில் இடித்தார். அதற்காக வண்டியே வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டாரா என்ன? ஒரு கைப்பிடி உப்புக்காக எங்கள் அப்பா சமையலை விடுவதா?

ஹாமைக் குப்பையில் போடவில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

"டேய் குண்டூசி, இங்க வா," என்று தம்பியைக் கூப்பிட்டேன். ஒல்லியாக இருப்பான், எல்லா இடத்திலும் நுழைவான். அதனால் அந்தப் பெயர்.

"என்னக்கா பண்ணப் போற?"

"சாலட். குளிரக் குளிர, வெண்ணெய் மாதிரி வழவழன்னு. நீதான் ருசி பாக்கற அதிகாரி."

அதிகாரி என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

முதலில் ஹாமை மிக்சியில் போட்டு ஒரு சுற்று சுற்றினேன். மூடியைத் திறந்தால் இளஞ்சிவப்பாக ஒரு களி.

"அக்கா, இதைச் சாப்பிடறதா, சுவத்துல பூசறதா?" என்று கேட்டான் அதிகாரி.

நல்ல வேளை, போட்டது ஒரு துண்டுதான். மீதியைக் கையாலேயே நார் நாராகப் பிய்த்தேன். கையால் பிய்த்தால் ஹாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அதில் கடையில் வாங்கிய மயோனைஸைக் கலந்து ஒரு கரண்டி தம்பிக்குக் கொடுத்தேன்.

மென்றான். விழுங்கினான். ஒரு தம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்தான்.

புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மயோனைஸிலும் உப்பு இருக்கிறது என்று பின்னால் போட்டிருந்தது. அதை முதலில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, என்ன செய்வது.

ஆனால் ஒரு விஷயம் பிடிபட்டது. உப்பை வெளியே எடுக்க என்னால் முடியாது. உப்பே இல்லாத சாமான்களை உள்ளே கொண்டுவர முடியும். வேண்டியதெல்லாம் அதுதான்.

கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் வடிந்ததும் அது வெண்ணெய் போலத் திரண்டது. அதோடு பாலேட்டைச் சேர்த்து அடித்து ஹாமில் கலந்தேன். இந்தத் தடவை தம்பி அரை தம்ளர்தான் குடித்தான்.

"பரவால்ல," என்றான். "ஆனா நாக்கு இன்னும் காயுது."

உருளைக்கிழங்கும் முட்டையும் அவிக்க வைத்தேன். எனக்கு அடுப்பு பற்றவைக்க அனுமதி உண்டு, பெரிய கத்திக்குத்தான் இல்லை. கிழங்கு வேகும்போது கை பழக்கத்தில் உப்பு ஜாடிக்குப் போயிற்று. தம்பி ஜாடியைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

வெந்த கிழங்கையும் முட்டையையும் ஆறவைத்துச் சின்னக் கத்தியால் நறுக்கிப் போட்டேன். இப்போது தம்பி குடித்தது இரண்டு மடக்கு தண்ணீர்தான்.

வெள்ளரிக்காயைத் துருவிப் பிழிந்து போட்டேன். கடைசியாக இனிப்பு ஆப்பிளைப் பொடிப்பொடியாக நறுக்கி, கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு பிசறிச் சேர்த்தேன். கொஞ்ச நேரம் குளிரவைத்துத் தம்பிக்கு ஒரு கரண்டி நீட்டினேன்.

சாப்பிட்டான். தம்ளரைத் தொடவில்லை. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"எப்படிடா இருக்கு?"

"இன்னொரு கரண்டி சாப்பிட்டாத்தான் சொல்ல முடியும்."

நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள். குளுகுளுவென்று உள்ளே இறங்கியது. ஆப்பிள் நறுக்கென்றது, தயிர் லேசாகப் புளித்தது, நடுநடுவே ஹாம் வந்து நாக்கில் சுருக்கென்று உப்பு வைத்துவிட்டுப் போயிற்று. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்று ஒரு தடவை என்னையே பார்த்துவிட்டு வந்தேன்.

சாலட்டைப் பெரிய தூக்கில் போட்டு, ஐஸ்கட்டி நிரப்பிய வாளிக்குள் இறக்கி வைத்திருந்தபோது அப்பா வந்தார்.

"என்ன இது?"

"சாலட்டுப்பா. நாமளும் ஏதாவது கொண்டுபோகணும்ல."

மூடியைத் திறந்தார். வாசனையிலேயே தெரிந்துகொண்டார். "அந்த ஹாமா? வேணாம் கண்ணு. நேத்து சிரிச்சது போதாதா?"

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கப்பா."

"எனக்கு அது தொண்டையில இறங்காதும்மா."

அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் கண் கலங்கிற்று. இவ்வளவு நேரம் பிய்த்ததும் பிழிந்ததும் யாருக்காக? நான் வாளியின் கைப்பிடியை விடவே இல்லை. அப்பா அதைக் கவனித்தார்.

"சரி, எடுத்துட்டு வா," என்றார். "ஆனா அது நேத்து ஹாம்னு சொல்லக் கூடாது. என் பேரையும் இழுக்கக் கூடாது."

"சத்தியமா சொல்ல மாட்டேன்ப்பா."

டிப்போ ஓய்வறையில் பாதிச் சுவர் வெள்ளையாகியிருந்தது. அப்பா உள்ளே போனதுமே பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறி, யார் கண்ணிலும் படாமல் கூரை ஓரமாக அடிக்க ஆரம்பித்துவிட்டார். கீழே நீள மேசையில் சாப்பாடு. நான் தூக்கைத் திறந்து, பக்கத்தில் ரொட்டித் துண்டுகளை அடுக்கினேன்.

விசில் மாமாதான் முதலில் வந்தார். ரொட்டியில் கொஞ்சமாகத் தடவிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நிறையத் தடவிக்கொண்டு போனார். மூன்றாவது தடவை ரொட்டியை விட்டுவிட்டுக் கிண்ணத்தோடு வந்தார்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அம்மா வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் தூக்கு பாதி காலி. அம்மா ஒரு கரண்டி வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். பிறகு ஏணிக்குக் கீழே போய் நின்றுகொண்டார்.

"யாரு செஞ்சது இது?" என்றார் விசில் மாமா, அறை முழுவதும் கேட்கிற மாதிரி.

"சாலட் நான் செஞ்சது மாமா," என்றேன். அதைச் சொல்ல எனக்கு யாரும் தடை போடவில்லை.

"நிஜமாவா? உப்பு அளவா, கச்சிதமா இருக்கே. எவ்வளவு போட்ட?"

"நான் உப்பே போடல மாமா."

"போடலயா?" அவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "உப்பு இல்லாம இப்படி வராது. அப்ப யாரு போட்டது?"

நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தம்பி வாயைத் திறக்கப் போனான். ஒரு ரொட்டித் துண்டை எடுத்து அவன் வாயில் வைத்து அடைத்தேன்.

"சொல்லு வாயாடி. என்ன, இன்னைக்குப் பேச்சு வரலயா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தியம் சத்தியம்தான்.

"நான்தான் போட்டேன்," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அப்பா பிரஷ்ஷும் கையுமாகத் திரும்பியிருந்தார். மூக்கில் சுண்ணாம்பு.

"நேத்தே போட்டுட்டேன் மச்சான்," என்றார். "நீங்கதான் அவசரப்பட்டு ஒரு நாள் முன்னாடியே சாப்பிட்டுட்டீங்க."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் விசில் மாமா கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். முதலில் சிரித்தது அவர்தான். அறை முழுக்கச் சிரிப்பு பரவியது. அப்பா சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தானும் சிரித்தார்.

அப்பா இறங்கி வந்து ஒரு கரண்டி சாலட் சாப்பிட்டார். இரண்டாவது கரண்டிக்கு அவராகவே கை நீட்டினார். அப்புறம் என் தோளில் கையைப் போட்டார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு ஆயிற்று. பரவாயில்லை.

"ஹாம் என்னுது," என்று எல்லாரிடமும் சொன்னார். "அதைத் திங்கிற மாதிரி ஆக்கினது என் பொண்ணு. வர்ற சனிக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வாங்க. நான்தான் சமைக்கிறேன். இந்தத் தடவை உப்பு போக ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறவெச்சுடறேன்."

"ஐயையோ, அதெல்லாம் வேணாம் மாப்ள," என்று பதறினார் விசில் மாமா. "நேத்து போட்ட மாதிரியே உப்பு போடுங்க." பிறகு என் பக்கம் திரும்பிக் கிண்ணத்தை நீட்டினார். "மறுநாள் சாலட் உண்டா இல்லயா, அதைச் சொல்லு முதல்ல."

நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தூக்கின் அடியை வழித்து அவர் கிண்ணத்தில் போட்டேன். அப்பா, அம்மா என்று டிப்போவே என் பதிலுக்காகக் காத்திருந்தது.

"யோசிச்சுச் சொல்றேன் மாமா," என்றேன்.