ஊமை வில்

செல்போன் அலறியது.

குற்றாலத்தில் சீசன் கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் ஜெயசித்ரா எரிச்சலோடு எடுத்தாள்.

"மேடம்... மேலகரத்துல ஒரு பாடி!"

ஏட்டு இசக்கிப்பாண்டி.

"யாருய்யா?"

"தாணுமாலயன் அண்ணாச்சி! பழைய பிடிலா வாங்கிக் குவிப்பாருல்லா... அவருதான்!"

பத்தே நிமிடம். சாரலில் நனைந்த ஜீப் அந்த வீட்டு வாசலில் நின்றது.

ஹாலில் குப்புறக் கிடந்தார் தாணுமாலயன். பின்மண்டையில் ரத்தம். வலது கையில் ஒரு வில்!

சுவர் நிறைய, வில்லால் இழுத்து வாசிக்கும் பழங்காலத்து வாத்தியங்கள். சிரட்டையில் செய்த ராவணஹத்தாவின் கீழே 'இலங்கேஸ்வரன் தொட்டது' என்று அட்டை. ஆளுயரத்தில் ஒற்றைத் தந்தியோடு நின்ற ஐரோப்பிய வாத்தியத்துக்கு, 'பிரெஞ்சு ராணி அழுதபடி வாசித்தது'.

ராணி அழுததை இவர் எங்கே பார்த்தார்?

நடுவில் ஒரு கொக்கி மட்டும் காலி. அட்டையில் 'மயூரி, இருநூறு வருடப் பழசு'.

"மயிலு மாதிரியே இருக்கும்மா!" மூக்கைச் சிந்தினாள் மனைவி சண்முகசுந்தரி. "எந்தக் களவாணிப்பயலோ அவுகள அடிச்சுப்போட்டு அதத் தூக்கிட்டுப் போயிட்டான்!"

"நீங்க எங்க போயிருந்தீய ஆச்சி?"

"ஒம்பது மணிக்குக் கோயிலுக்குப் போனேன். கேட்டத் தாண்டும்போதுகூட இந்த வில்லாலதான் வாசிச்சுக்கிட்டு இருந்தாவ. அம்புட்டு இனிமை!"

ஜெயசித்ரா கையுறை மாட்டினாள். வில்லை மெல்ல உருவினாள். ராவணஹத்தாவின் தந்தியில் வைத்து இழுத்தாள்.

சத்தமே இல்லை!

இன்னொரு வாத்தியம்... அதிலும் இல்லை.

"எங்கம்மா என்னய நாலு வருசம் வயலின் கிளாசுக்குத் தொரத்துனா, ஆச்சி. வாசிக்க வரல. ஒண்ணு மட்டும் தெரியும்... ரோசின்னு ஒரு பிசின் உண்டு, அதத் தேய்க்காத வில்லு ஊமை. இதுல ஒருநாளும் தேய்ச்சதே இல்ல!"

சண்முகசுந்தரியின் அழுகை சட்டென்று நின்றது.

"இந்த ஊமை வில்லால அவரு ஒம்பது மணிக்கு என்னத்த வாசிச்சாரு?"

சண்முகசுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அச்சன்புதூர் வயலு போச்சு. எங்கப்பா போட்ட நகை போச்சு." அவள் குரலில் இப்போது ஈரம் இல்லை. "எல்லாம் இந்தக் கட்டைக்கு! காலையில, 'இந்த வீட்டையும் விக்கப் போறேன், இன்னொண்ணு வாங்கணும்'னாவ. மயில எடுத்து ஒரே போடு... அந்த வில்ல நாந்தான் கையில சொருவுனேன்."

"மயிலு எங்கன?"

"வெந்நி அடுப்புல."

இசக்கிப்பாண்டி பின்கட்டுக்கு ஓடினார். கரியான மயில் கழுத்தோடு திரும்பினார்.

அதே நேரம், வாசலில் கார்! சென்னையிலிருந்து வந்த வாத்திய நிபுணர் அபர்ணா உள்ளே நுழைந்தாள்.

"சாருக்கு ஒரு குட் நியூஸ்..." தரையைப் பார்த்தவள் அலறினாள். தேறுவதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் தேவைப்பட்டது.

"போன மாசம் வந்து எல்லாத்தையும் செக் பண்ணேன் மேடம். அத்தனையும் டூப்ளிகேட்... மயூரியைத் தவிர! அது நிஜமாவே இருநூறு வருஷம் பழசு. ஒரு மியூசியம் வாங்க ஒத்துக்கிச்சு. அந்த விலைக்கு மேலகரத்துல பாதியை வாங்கலாம்!"

சண்முகசுந்தரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்போ... அவுக சொன்னது நெசமா?"

இசக்கிப்பாண்டி கையிலிருந்த கரிக்கழுத்தைப் பார்த்தார்.

"முப்பது வருசத்துல அண்ணாச்சி சொன்ன ஒரே உண்மை, மேடம்... ஆச்சி அதுல வெந்நி போட்டுக் குளிச்சிட்டாவ!"