ஒரே வரியில் விழுந்த ஸ்வெட்டர்

காலை பதினொன்று பத்துக்கு அந்த ஸ்வெட்டர் செத்துப் போனது.

கம்பளியில் பின்னிய ஸ்வெட்டர் இல்லை. பின்னுவதற்கு முன் காகிதத்தில் அச்சாக வேண்டிய அதன் வரைபடம்.

பதினொன்றரைக்குத் திருப்புளி அத்தை வந்து சேர்ந்தாள். தெருவில் யார் வீட்டு இயந்திரம் படுத்தாலும் திருப்புளியும் கையுமாக வந்து நிற்பாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ஸ்வெட்டர் ஆலைக்கு டிசைன் போட்டுத் தரும் அந்த வீட்டு டிசைன்காரி நீட்டிய தாளை அவள் வாங்கிப் பார்த்தாள். குறுக்கே கரியால் இழுத்த மாதிரி ஒரே ஒரு தடித்த வரி. மீதி வெள்ளை.

"இருநூறு வரி வரணும் அத்தை. எல்லாம் ஒன்னு மேல ஒன்னு விழுந்திருக்கு. மூணு மணிக்கு ஆலையில மேனேஜர் பார்க்கணும். இல்லைன்னா இந்த சீசனுக்கு வேற ஆளோட டிசைன்தான்."

"கையால வரைஞ்சுட்டா?"

"இருபதாயிரம் கட்டம். அடுத்த வாரம் முடியும்."

மேசையில் இருந்தது அரதப் பழசான வீட்டுக் கம்ப்யூட்டர். பதினோரு வருட டிசைன்கள் அதன் பிளாப்பிகளில்தான் இருந்தன. புது இயந்திரம் எதுவும் அவற்றைப் படிக்காது. குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு கோடு போட்ட கட்டக் குறி வந்தால் கலர் நூல், புள்ளி வந்தால் வெள்ளை நூல். ஆலைக்காரர்கள் பார்ப்பது அவ்வளவுதான்.

"கடைசியா எப்ப ஒழுங்கா வந்துச்சு?"

"எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர், பிரிண்டர் ரெண்டையும் போட்டேன். ஒன்பதேகாலுக்கு முன்பக்கம் முழுசா வந்துச்சு. பத்துக்கு அணைச்சுட்டுக் குளிக்கப் போனேன். பதினொன்னுக்குத் திரும்பப் போட்டு, கைப்பக்கம் அடிச்சா இந்தக் கோலம்."

"நடுவுல ரூமுக்குள்ள யாரு வந்தா?"

டிசைன்காரியின் கண் வாசற்படிக்குப் போனது. அங்கே அவள் நாத்தனார், கையில் தூசித் துணியோடு.

"நான்தான் வந்தேன். பத்தரைக்குத் தூசி தட்டினேன். ஏன் அண்ணி, சொல்ல வந்ததை நேராவே சொல்லுங்களேன்."

"இந்த டப்பாவைத் தூக்கி எறியணும்னு நாலு மாசமா சொல்றது யாரு?"

"இப்பவும் சொல்றேன். ஆனா எறியறதுன்னா ஜன்னல் வழியா எறிவேன். திருட்டுத்தனமா நோண்ட மாட்டேன்."

அத்தை இருவரையும் பார்க்காமல் கேபிளைக் கழற்றி மாட்டி, மறுபடி அடித்துப் பார்த்தாள். அதே கரி வரி. பிரிண்டரின் பொத்தான் ஒன்றை அழுத்திக்கொண்டே அதை ஆன் செய்தாள். அப்படிச் செய்தால் பிரிண்டர் தானாகவே ஒரு சோதனைத் தாள் அடிக்கும். அடித்தது. வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அழகாக இறங்கின.

"காகிதத்தை நகர்த்துற சக்கரத்துல குறை இல்ல."

ஆனால் அந்தத் தாளில் கட்டக் குறி இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலாந்துக் காசின் பவுண்டுக் குறி இருந்தது. அத்தை அதைப் பென்சிலால் சுழித்தாள்.

"உன் வீட்டுக்காரர்?"

"ஒன்பதுக்கே கிளினிக் போயிட்டார். அவர் போனப்புறம்தானே நல்லா அச்சாச்சு!"

டிசைன்காரி மறுபடி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தூசித் துணியைப் படாரென்று உதறினாள்.

ஒன்று பத்து. சாப்பிட வந்த டிசைன்காரியின் வீட்டுக்காரர், பல் டாக்டர், அத்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"அத்தை, கீழ் வரிசையில ரெண்டு பல்லு கோணலா நிக்குதே. ஒரு நாள் வாங்க, நேராக்கிடலாம்."

"அறுபது வருஷமா அப்படித்தான் நிக்குது. நல்லாத்தான் கடி..."

அத்தை பாதியில் நிறுத்தினாள். பிரிண்டரைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் விரலளவு ஜன்னல். உள்ளே நகக்கண் அளவில் எட்டு வெள்ளைச் சுவிட்சுகள், அணிவகுப்பு மாதிரி எல்லாம் கீழே பார்த்தபடி.

"டாக்டரே, காலையில பிரிண்டருக்குப் பின்னாடி உங்களுக்கு என்ன வேலை?"

"எட்டரைக்கு ஷேவிங் மெஷினைச் சொருகப் போனேன்." அவர் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த மெல்லிய கம்பியைத் தொட்டது. "எட்டுப் பல்லு மாதிரி இருந்துச்சு... ஏறுமாறா. கை சும்மா இருக்குமா? ஒரு தள்ளு தள்ளி வரிசையாக்கினேன்."

"கெட்டுது போங்க. வரி முடிஞ்சுதுன்னு மட்டும்தான் இந்தக் கம்ப்யூட்டர் சொல்லும், காகிதத்தைத் தள்ளுன்னு சொல்லாது. இந்த எட்டுல ஒரு சுவிட்சு மேல நின்னாதான் பிரிண்டரே தள்ளிக்கும். வேற சுவிட்சு எந்த நாட்டுக் குறின்னு சொல்லும். அதான் பவுண்டு வந்து உட்கார்ந்துடுச்சு. சோதனைத் தாளைப் பிரிண்டரே அடிக்கிறதால வரி இறங்கிச்சு, குறி மட்டும் காட்டிக் கொடுத்துச்சு."

"அப்ப ஒன்பதேகாலுக்கு எப்படி வந்துச்சு?" என்றாள் டிசைன்காரி.

"அங்கேதான் ஏமாந்தே கண்ணு. பிரிண்டர் சுவிட்சைப் பார்க்கிறது ஆன் பண்ணும்போது ஒரே தடவைதான். எட்டு மணிக்குப் பார்த்தது பார்த்ததுதான். எட்டரைக்கு இவர் தள்ளினது அதுக்குத் தெரியாது. பதினொன்னுக்கு நீ திரும்பப் போட்டப்பதான் கண்ணு முழிச்சுச்சு. தூசித் துணிக்கு இதுல பங்கே இல்ல."

பிறகு டிசைன்காரி மெதுவாகக் கேட்டாள்: "எதெது மேலே இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? குறிப்புப் புத்தகம் தொலைஞ்சு போச்சே."

"ரெண்டு, மூணு, ஏழு" என்றார் டாக்டர். "கோணல் பல்லை ஒரு தடவை பார்த்தா மறக்க மாட்டேன்."

அதே கம்பியால் அவரே மூன்றையும் நிமிர்த்தினார். அத்தை ஆன் செய்தாள். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு முதல் வரி அடித்தது, காகிதம் நகர்ந்தது, இரண்டாவது வரி அதன்கீழ் விழுந்தது. இரண்டேகாலுக்குக் கைப்பக்கமும் கழுத்தும் முழுசாகக் கையில் இருந்தன.

டிசைன்காரி தாளைச் சுருட்டிக்கொண்டு நாத்தனார் முன் போய் நின்றாள். "நான் உன்னை..."

"மன்னிப்பெல்லாம் பஸ்ஸுல கேளுங்க அண்ணி. முழுசாக் கேளுங்க, அரை மணி நேரம் இருக்கு" என்று நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள்.