எல்லா அறைக்கும் ஒரே காற்று

“செத்தவங்க வெளிய போறதுக்கு ஜன்னலைத் திறந்து விடணுமாம்! கட்டடம் கட்டுறப்பவே சொல்லியிருக்கலாமே, போடில்.”

முதியோர் இல்லத்தின் மேலாளர் ப்ரேபன் சிரித்தார். செவிலி போடில் சிரிக்கவில்லை.

“உங்க அம்மா போனப்ப நீங்க திறக்கலையா?”

“அது என் வீடு. இங்க சூடு வெளிய போகக்கூடாதுன்னு கண்ணாடியை அடைச்சாச்சு. திறக்காது.”

“அப்ப எங்க அப்பாவையாவது வேற அறைக்கு மாத்துங்க.”

“எங்க மாத்துறது? என் மடியிலயா?”

ஒவ்வோர் அறையின் காற்றையும் உறிஞ்சி, சூடாக்கி, தகரக் குழாய் வழியாக மறுபடி எல்லா அறைக்கும் ஊதுகிற கட்டடம் அது. அந்த மாதம் இல்லத்தில் பரவிய காய்ச்சலும் அந்தக் குழாய் வழியாகவே போயிற்று. காய்ச்சல்காரர்களோடு சேர்ந்து காப்பி குடித்தவர்கள்கூடத் தப்பினார்கள். ஒரே குழாயில் மூச்சுவிட்டவர்கள் வரிசையாகச் சவப்பெட்டியில் போனார்கள். குழாயின் கடைசி அறையில் அவள் அப்பா தோர்வால்ட் இருந்தார்.

போடில் நேராக அங்கே போனாள். யூட்லாந்துக் கடற்கரையின் நவம்பர் மாலை, ஈரச் சாம்பலாய்க் கண்ணாடியில் அப்பியிருந்தது. அப்பா கண்மூடிக் கிடந்தார். சுவரில் இருந்த காற்றுத் துளையில் ஒரு துவாலையைத் திணித்தாள்.

துவாலை உப்பியது.

உள்வாங்கியது.

மறுபடி உப்பியது.

மருந்தும் வாடிய பூவும் கலந்த நாற்றம் கசிந்தது. குழாயின் தகரத்துக்குள் நகங்கள் உரசின. ஒரு கை அல்ல, பல கைகள். போக வழியில்லாமல் அறை அறையாக ஊதப்பட்டு, கடைசியில் இங்கே வந்து முட்டி நிற்கிறவர்கள்.

“அப்பாவை விட்ருங்க,” என்றாள். “வழி நான் தர்றேன்.”

துவாலை தெறித்து அவள் முகத்தில் அறைந்தது.

அவள் இரும்பு நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடியில் அது நொறுங்கியது. கடற்காற்று உள்ளே பாய வேண்டும். ஆனால் திரைச்சீலை வெளிப்பக்கமாகப் படபடத்தது, ஆட்கள் ஒவ்வொருவராக இடித்துக்கொண்டு போவதுபோல. பிறகு தொய்ந்து விழுந்தது. குழாய் அடங்கிவிட்டது.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தார்.

அப்போதுதான் குளிர் உள்ளே வந்தது. திரைச்சீலை அறைக்குள் வளைந்தது. மெல்ல, ஒருமுறை.

கட்டிலின் காலியான பக்கத்தில் மெத்தை அமுங்கியது. போர்வையின் ஓரம் தானாக உயர்ந்தது. அப்பாவின் கண்கள் திறந்து, மகளைப் பார்த்து, பயத்தில் உறைந்தன.

“கொஞ்சம் நகர்ந்து படு, தோர்வால்ட்,” என்றது, எப்போதோ செத்துப்போன அவள் அம்மாவின் குரல். “வெளிய ரொம்பக் குளிருது.”