பதினாறு டிகிரி

“ஆளு வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே இதுக்குத் தெரிஞ்சிருமாம், விஜி. வர்ற ஆளுக்கு ஏத்த மாதிரி சூடாவோ குளிராவோ வீட்டத் தயார் பண்ணி வச்சிருமாம்.”

“எனக்குத் தெரியாததா இதுக்குத் தெரியப் போகுது? நீங்க பஸ்ஸ விட்டு எறங்குறப்பவே நான் தேத்தண்ணிக்குக் கேத்தல அடுப்புல வச்சிருவேன்.”

“நீ ஒரு நாளைக்கு மறந்துருவ. இது மறக்காது.”

சுவரில் வட்டமாகப் பதித்திருந்த, ஏசியைக் கட்டுப்படுத்தும் அந்தக் கருவியின் முன்னால் நின்றபோது, கணவர் சின்னராசா சிரித்துக்கொண்டே சொன்னது விஜயலெட்சுமிக்கு நினைவு வந்தது. சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவர் செத்து நாற்பத்தோரு நாளாகிறது; அவளுக்கு உள்ளே எல்லாம் மரத்துத்தான் கிடந்தது. கருவி 16 என்று காட்டியது. பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அதை 25இல் வைத்திருந்தாள்.

கத்தாரில் ஏசி வேலை பார்க்கும் மகன் சதீஸ்குமார், லுணுகலைக்கு மேலே தேயிலை மலையோரம் கட்டிக் கொடுத்த வீடு அது. பிற்பகல் மூன்று மணிக்கே பனி இறங்கி ஜன்னல் கண்ணாடிகளை வெள்ளையாக்கியிருந்தது. தொழிற்சாலையில் வாடும் கொழுந்தின் பச்சை வாசம் கதவிடுக்கு வழியாக வந்து, மெஷின் ஊதும் குளிர்காற்றோடு கலந்து அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே சேலைத் தொட்டிலில் ஐந்து மாதப் பேரக்குழந்தை. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, குளிர் மட்டும் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை இரண்டு முறை ஞாபகப்படுத்திவிட்டுத்தான் மகள் யசோதினி ஒரு வேலையாகப் பதுளைக்குப் போயிருந்தாள்.

சொல் கேட்காமல் கல்யாணம் செய்தவள் யசோதினி. அவள் குழந்தையைச் சின்னராசா கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று மனிதர் தவித்தது விஜயலெட்சுமிக்குத் தெரியும். வாய்வரை வரும், வெற்றிலையோடு சேர்த்து மென்று விழுங்கிவிடுவார்.

பதுளை பஜாரில் ஏசி பழுது பார்க்கும் பஸீலுக்குப் போன் போட்டாள்.

“பேட்டரிய மாத்தினீங்களா அக்கா?”

“மாத்திட்டேன் தம்பி. மறுபடியும் பதினாறுக்கே போகுது.”

“அப்ப பிழை இல்ல. அது பழகுற சாமான். முன்னால எப்பவாச்சும் பதினாறுல வச்சீங்களா?”

வைத்திருந்தார்கள். மகன் வந்து சேரும்வரை மூன்று நாள், இரவும் பகலும், அவரைக் கிடத்திய பெட்டி இருந்த அறையில்.

“வச்சோம்.”

“அதான். அப்ப வீட்டுல இருந்த ஆளுக்கு அந்தக் குளிருதான் புடிக்கும்னு படிச்சு வச்சிருக்கு. அவர் போன் கிட்ட வந்தா இது குளிர ஆரம்பிக்கும். ஒங்க போன்ல யார் பேரு காட்டுதுன்னு பாருங்க.”

பார்த்தாள். இரண்டு பேர். விஜயலெட்சுமி, வீட்டில். சின்னராசா, வழியில், 600 மீட்டர்.

“ஓ, வீட்டுக்காரரா. அவர் போன் எங்க இருக்கு?”

பெட்டியை மூடுமுன் வழக்கப்படி அவருடைய வெற்றிலைப் பையையும் மூக்குக்கண்ணாடியையும் உள்ளே வைத்தபோது, போனையும் சட்டைப் பையில் செருகியது அவள்தான். அணைக்கக்கூடத் தோன்றவில்லை. புதைத்த இடம் மலைக்கு அந்தப் பக்கம், முழுசாக ஒரு கிலோமீட்டர்.

“அவர்கிட்டதான் இருக்கு,” என்றாள்.

“அப்பச் சரி. வந்தோன்ன பேர அழிக்கச் சொல்லுங்க.”

“தம்பி, சார்ஜ் போடாம ஒரு போன் எத்தன நாளைக்கு நிக்கும்?”

“மிஞ்சினா ரெண்டு நாள். ஏன் அக்கா?”

போனை வைத்தாள். 400 மீட்டர்.

மெயின் சுவிட்சை இறக்கினாள். மெஷினின் முனகல் நின்றது. தகரக் கூரையிலிருந்து பனி சொட்டும் சத்தம் மட்டும். சுவரில் வட்டம் இன்னும் ஒளிர்ந்தது. அதைக் கழற்றிப் பேட்டரிகளை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு பேட்டரி. உள்ளே வேறொன்றும் இல்லை.

எண் அணையவில்லை. 15. 13.

150 மீட்டர்.

குழந்தை இருமியது.

ஓட வேண்டும் என்று தோன்றியது. கால் நடக்கத்தான் செய்தது. வாசலில் செருப்பு தேயும் சத்தம் இல்லை. கதவு திறக்கவில்லை. ஈரமண் வாசம் மட்டும் வந்தது. அதோடு பழைய வெற்றிலை வாசம்.

11.

போனைப் பார்த்தாள். சின்னராசா, வீட்டில்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாக. யாரும் ஆட்டவில்லை. அவள் குழந்தையை அள்ளி மார்போடு அணைத்தாள். சின்ன உதடு நீலமாகியிருந்தது. அவள் மூச்சு ஆவியாக எழுந்தது. குழந்தையின் மூச்சும். இரண்டே ஆவி.

குழந்தை அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், உயரத்தில், எதையோ பார்த்தது. இரண்டு கைகளையும் அந்தப் பக்கம் நீட்டியது.

காதோரம் குளிர்ந்தது. அந்தக் குரல், வெட்கத்தோடு, தயங்கித் தயங்கி, கேட்டது.

“புள்ளைய ஒருக்கா என் கையில குடு, விஜி.”