பின்கதவுக் கைப்பிடி

நேற்று மாட்டிய கைப்பிடியில் பல் பதிந்திருந்தது.

முதலில் கீறல் என்றுதான் நினைத்தார். ஷெட்டின் தகரக் கூரையில் மழை விட்டுவிட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. ஊறிய பலகையும் பழைய பெட்ரோலும் ரெக்சின் சீட்டும் கலந்த வாடை, யாரோ வாயைத் திறந்து மூச்சு விடுவதுபோல, காரின் பின்கதவு வழியாக அவர் முகத்தில் வெதுவெதுப்பாக வந்து பட்டது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியின் நுனியில் தந்த நிறக் குமிழ். அதை விரலால் தடவிப் பார்த்தார். சின்னச் சின்னப் பள்ளங்கள். மேலே இரண்டு ஓரத்திலும் இருந்தன, நடுவில் எதுவும் இல்லை. கீழே வரிசையாக நான்கு.

பல்லைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல் செட் செய்து கொடுப்பதுதான் அவருடைய தொழில். இது குழந்தையின் வாய். மேல்வரிசை முன்பல் விழுந்து, இன்னும் முளைக்காத வாய்.

அந்த வீட்டில் குழந்தை இல்லை. இருந்தாள். வாண்டு என்று கூப்பிடுவார்கள்.

காரைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போய்விட்டது. மாமனார் கொடுத்த வண்டி. பள்ளிவிட்டு வந்ததும் வாண்டு அதன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். நின்ற வண்டியிலேயே எங்கெங்கோ போய் வருவாள். கைப்பிடிக் குமிழைக் கடிப்பாள். கதவின் உட்புறம் ஒட்டியிருந்த 'ஓடும்போது கதவைத் திறக்காதீர்' என்ற ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டிப் படித்து, படித்த களைப்பில் அதன் மூலையை நகத்தால் சுரண்டுவாள். முன்பல் விழுந்த வாரத்திலேயே காய்ச்சல் என்று படுத்தாள். எழவில்லை.

அதற்குப் பிறகு வண்டி ஷெட்டை விட்டு வெளியே போகவில்லை. மனைவிதான் தினமும் பொழுது சாயும் நேரத்தில் போய்ப் பின்சீட்டில் உட்காருவாள், கடிபட்ட குமிழின்மேல் கையை வைத்துக்கொண்டு. வருஷக்கணக்காக அப்படி. பார்க்கப் பார்க்கப் பொறுக்காமல், வண்டியை விற்றுவிட முடிவு செய்தார். மெக்கானிக்காக இருந்த மைத்துனன்தான் வாங்குவதற்கு ஆள் பிடித்துக்கொண்டு வந்தான். "பழைய வண்டின்னா உயிரையே விடுவாரு, மாமா. உள்ள மட்டும் பளிச்சுன்னு ஆக்கிக் குடுத்துருங்க. அக்கா ரெண்டு நாள் அழும், அப்புறம் சரியாயிடும்."

உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை. தேய்ந்த குமிழ்களை அச்செடுத்து, கடித்த பள்ளங்களை நிரவி, பல் செட்டுக்கு ஊற்றும் அக்ரிலிக்கிலேயே புதிதாக வார்த்தார். ஸ்டிக்கர்களைப் பழைய எழுத்திலேயே அச்சடித்து வாங்கினார். சுரண்டிய ஸ்டிக்கரை வெந்நீர்த் துணியால் உரித்தபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"எல்லாத்தையும் மாத்திட்டீங்கன்னா, அவ வந்தா எதைப் பிடிச்சுக்குவா?"

அவர் துணியை மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்தார்.

இப்போது புதுக் குமிழில் இந்தப் பள்ளங்கள். புது ஸ்டிக்கரின் மூலையும் சுருண்டிருந்தது. மனைவியோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவள் வாய் அவருக்குத் தெரியும். இது அவளுடையது இல்லை.

"எலி மாமா, வேற என்ன?" என்று சிரித்தான் மைத்துனன். "பல்லு கட்டுற பிளாஸ்டிக்ல செஞ்சா அது சும்மா விடுமா? அதுக்கும் ஒரு செட்டு செஞ்சு குடுத்துருங்க."

அவரும் சிரித்துவைத்தார். வேறொரு குமிழை மாட்டி, ஷெட்டைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் திறந்தபோது நடுவில் இருந்த இடைவெளி அடைபட்டிருந்தது. அகலமாக இரண்டு பல். அவற்றின் விளிம்பில் நுண்ணிய ரம்பம், முளைத்த புதிதில் மட்டும் இருந்து பிறகு தேய்ந்துபோகுமே, அந்த ரம்பம். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே சுண்ணச் சாந்து கரைத்து அந்தத் தடத்தில் ஊற்றினார். இறுகியதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க அது?"

பொய் சொல்ல வரவில்லை. "வாண்டுக்குப் பல்லு முளைச்சிருக்கு."

அவள் வாங்கிப் பார்த்தாள். கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். "கோணலா முளைக்குமோன்னு பயந்துட்டே இருந்தேன். நேராத்தான் இருக்கு, பாருங்க."

அன்று இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினாள்.

வண்டி விற்பதாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். தினமும் ஒரு புதுக் குமிழ் வார்த்தார். கோரைப்பல் வந்தது. கடைவாய்ப்பல் வந்தது. சாந்து அச்சுகளை மனைவி ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தாள், மற்ற வீடுகளில் பிள்ளைகளின் போட்டோவை வைப்பதுபோல. "இப்ப என் தோள் வரைக்கும் வந்திருப்பா" என்பாள். "இப்ப என்னைவிட உசரம்." தன்னை ஏமாற்றிக்கொள்கிறோமோ என்று அவருக்குத் தோன்றும். தோன்றியதைத் தள்ளிவிட்டு அக்ரிலிக் பொடியை அளப்பார். ஒரு தகப்பனுக்கு வேறென்ன வேலை?

ஞானப்பல்லும் முளைத்துவிட்டது. அத்தோடு நிற்கவேண்டும். மனித வாய் அத்தோடு நின்றுவிடும்.

நிற்கவில்லை.

அடுத்த நாள் குமிழ் இரண்டு துண்டாகக் கிடந்தது. கடித்த வளைவை அளந்து பார்த்தார். பட்டறையிலிருந்த மிகப் பெரிய அச்சுத் தட்டிலும் அது அடங்கவில்லை. ஸ்டிக்கரில் இப்போது மூலை மட்டும் சுரண்டப்பட்டிருக்கவில்லை. பெயின்ட் போயிருந்தது. அதன் கீழே தகடும் நீளமாகக் கிழிந்திருந்தது.

துண்டுகளைப் பையில் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். அவள் பத்திரப்படுத்தியிருந்த பழைய குமிழைக் கேட்டார்.

"பழசையே மாட்டிடலாம். போதும்."

"எது போதும்?"

"வளர்ந்தது போதும்மா."

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படியும் ஒருவர் பேசுவாரா என்பதுபோல. பிறகு குமிழை எடுத்துக்கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அவர் திருப்புளி தேடி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. மழை இல்லை. பூட்டு திறந்திருந்தது.

வண்டி தாழ்ந்து நின்றது. பின்சக்கரங்கள் பாதி மண்ணுக்குள்.

மனைவி முன்சீட்டில் இருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"ஏன் இங்க உக்காந்திருக்க? எறங்கு."

"பின்னாடி இடமில்லைங்க" என்றாள்.

பின்கண்ணாடிகள் உள்ளிருந்து வியர்த்திருந்தன. அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட நினைத்து, டிரைவர் பக்கம் ஏறிக் குனிந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தள்ளினார். அசையவில்லை. வண்டியின் தகடே நெளிந்து கதவைக் கவ்விக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், சீட்டின் ரெக்சினில், இரண்டு முழங்கால்கள் அழுந்தின. மெதுவாக. மார்பு ஸ்டியரிங்கில் போய் முட்டியது. கழுத்தில் மூச்சு பட்டது. காய்ச்சல் சூடு. அதே சூடு.

பிறகு ஒரு விசும்பல். அழுகை வெடிப்பதற்கு முன் வாண்டு உள்ளிழுக்கும் மூச்சு. அந்த மூச்சுதான். ஆனால் இழுத்துக்கொண்டே இருந்தது. முடியவில்லை. ஷெட்டின் காற்றெல்லாம் அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

"வலிக்குதாம்ங்க" என்றாள் மனைவி.

கூரைத் தகடு படாரென்று வெளிப்பக்கமாக உப்பியது. அவள் சீட்டில் மண்டியிட்டுப் பின்பக்கம் திரும்பினாள். கையை நீட்டினாள். வெறும் காற்றில் அந்தக் கை உருண்டையான எதன்மேலோ பட்டு நின்றது; தடவத் தொடங்கியது.

"தலையைக் குனிஞ்சுக்கோ கண்ணு. இடிச்சுக்கப் போற."

மறுபடி உப்பிய தகடு கிழிந்தது. அவருக்கு மூச்சு வரவில்லை. கத்த வாய் திறந்தார், சத்தம் எழவில்லை. கடைக்கண்ணில் அவள் கை மட்டும் தெரிந்தது. அது தடவுவதை நிறுத்தவில்லை. தடவத் தடவ, அவள் தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, கிழிந்த கூரையின் வழியாக, கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போனது.